பரிசு மாறுகிறது, பங்கு யாருக்குப் போகிறது?

ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ் என்ற கார்டு விளையாட்டில் பரிசு விதிகள் மாறும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. "இனிமே நல்ல வருமானம், இப்பவே சேர்ந்துடுங்க" என்பது ஒன்று. "சின்ன ஆளுங்க கதை முடிஞ்சுது" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பதைவிட உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பிளாக்செயினில் நடக்கிற விளையாட்டு என்பதால் இதில் ஒரு வசதி உண்டு. யார் எப்போது என்ன செய்தார் என்பதில் பெரும்பகுதி பொதுப் பதிவேட்டில் கிடக்கிறது. பொறுமை இருந்தால் யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

வாசலில் பணம் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கியதும் உள்ளே விட்டுவிட்டார்கள். ஆரம்பக்காரர்களுக்கென்று சில கார்டுகளும் கொடுத்தார்கள். அவற்றை வைத்து விளையாடலாம், விற்க முடியாது. விளையாடினேன், சில ஆட்டங்களில் ஜெயிக்கவும் செய்தேன். கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. பரிசு வேண்டுமென்றால் 'சம்மனர்ஸ் ஸ்பெல்புக்' என்ற மந்திரப் புத்தகத்தை வாங்க வேண்டும். அதன் விலை 10 டாலர். அதை வாங்கிய பிறகுதான் ஹைவ் என்ற பிளாக்செயினில் என் பெயரில் ஒரு கணக்கும் அதற்கான சாவிகளும் வந்தன. அன்றாட ஆட்டத்துக்கு ஒரு சாவி, காசையும் கார்டையும் நகர்த்த இன்னொரு சாவி. 'சம்பாதிக்கலாம்' என்ற பேச்சு எனக்கு 10 டாலர் செலவில்தான் தொடங்கியது.

ஆட்டம் பார்க்க அழகாகவே இருக்கிறது. நெருப்பு, நீர், மண், வாழ்வு, மரணம், டிராகன் என்று பிரிவுகள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மானா வரம்பு, அதாவது கார்டுகளை இறக்க ஆகும் சக்திக்கான வரம்பு, சொல்கிறார்கள். அந்த வரம்புக்குள் ஒரு சம்மனரையும் ஆறு அரக்கர்கள் வரைக்கும் தேர்ந்தெடுத்து வரிசையாக நிறுத்த வேண்டும். கூடவே ஏதாவது ஒரு விதி வரும். ஒரு முறை அருகிலிருந்து தாக்கும் அரக்கர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றது. இன்னொரு முறை வேகம் குறைந்தவருக்கே முதல் அடி என்றது. அணியை அனுப்பிவிட்டால் பிறகு நம் கையில் ஒன்றுமில்லை. வாள் மோதும் சத்தம், அம்பு பறக்கும் சத்தம், கார்டு அதிர்ந்து கருகி மறைவது எல்லாம் தானாகவே ஓடுகிறது. மூளைக்கு வேலை உண்டு, அதில் சந்தேகமில்லை.

ஆனால் எதிரியின் கார்டுகளைக் கவனித்தேன். படம் அதேதான், ஓரத்தில் இருக்கும் எண் மட்டும் வேறு. என்னுடையது நிலை 1, அவருடையது நிலை 3, 4. ஒரே கார்டின் பல பிரதிகளைச் சேர்த்து உருக்கினால்தான் நிலை ஏறும். சாதாரண வகை கார்டு 10-ஆம் நிலை வரை போகும். கேயாஸ் லீஜியன் தொகுப்பில் ஒரு சாதாரண கார்டை உச்ச நிலைக்குக் கொண்டுபோக 400 பிரதிகள் வேண்டும். நிலை ஏற ஏற உயிர், வேகம், தாக்கும் பலம் எல்லாம் கூடும், புதுத் திறமைகளும் வரும். நல்ல யோசனைக்கு ஓரளவுக்குத்தான் பலன், அதற்கு மேல் கார்டின் நிலைதான் பேசுகிறது.

ஜெயித்த ஆட்டத்தின் முடிவில் திரையில் ஒரு எண் வந்தது. எஸ்.பி.எஸ். என்ற டோக்கன், பூஜ்யத்தில் தொடங்கும் தசம எண். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன், ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. இந்த எண் எப்படி வந்தது என்று தோண்டியபோதுதான் விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தேன். வெற்றிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கூலி இங்கே கிடையாது. விளையாட்டுப் பரிசுக்கென ஒரு தொகை முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஜெயித்தவர்கள் எல்லாரும் அதைத் தங்கள் புள்ளிகளுக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ஒரே அண்டா பாயசம் மாதிரிதான்: உட்காருகிறவர்கள் கூடினால் கரண்டி சிறுக்கும், பெரிய டம்ளர் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக விழும். பரிசு விதியை மாற்றுவது என்றால் பெரும்பாலும் டம்ளரின் அளவை மாற்றுவதுதான். அண்டா பெரிதாவது அபூர்வம்.

அடுத்து பதிவேட்டைத் திறந்தேன். ஹைவ் சங்கிலியில் 3 விநாடிக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 28,800, ஓர் ஆண்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். என் ஆட்டங்களும் அங்கே இருந்தன. ஆள் தேடியது ஒரு வரி, அணியை அனுப்பியது இன்னொரு வரி. அணி முதலில் குழம்பிய எழுத்து வரிசையாகப் பதிவாகிறது, எதிரி எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு வரியின் பெயரும் 'எஸ்.எம்.' என்று தொடங்குகிறது. 2018-இல் ஸ்டீம் சங்கிலியில் இந்த விளையாட்டு பிறந்தபோது வைத்த 'ஸ்டீம் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரின் மிச்சம் அது. 2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து ஹைவ் பிரிந்தது. அந்தப் பிரிவு நடந்த இடம் பிளாக் எண் 4 கோடியே 18 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. பிரிந்த பிறகு விளையாட்டும் ஹைவுக்கே குடிவந்துவிட்டது.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்று கணக்குப் போடுவது விளையாட்டை நடத்துபவர்களின் மென்பொருள். பொதுப் பதிவேட்டில் தெரிவது ஆட்டக்காரரின் அசைவுகள், கைமாறும் கார்டுகள், அனுப்பும் டோக்கன்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சம்பாதித்தவர் எப்படியும் ஒருநாள் எடுத்து எங்காவது அனுப்புவார். அனுப்பிய வரியில் தொகை இருக்கும்.

பின்னோக்கி நடந்தேன். 2019-க்குப் பிறகான பக்கங்களில் பரிசு 'டார்க் எனர்ஜி கிரிஸ்டல்ஸ்', சுருக்கமாக டெக். கடையில் 1000 டெக் ஒரு டாலருக்குச் சமம் என்று வைத்திருந்தார்கள். ஓர் ஆட்டம் விளையாடினால் சம்பாதிக்கும் திறன் ஒரு சதவீதம் குறையும், ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் 25 சதவீதம் ஏறும். ஆகவே நாள் முழுக்க ஆடுவதில் பெரிய லாபம் இருக்கவில்லை. இதோடு தினசரி வேலை ஒன்று: குறிப்பிட்ட பிரிவை வைத்து ஐந்து வெற்றி பெற்றால் பரிசுப் பெட்டி. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போகலாம். எத்தனை பெட்டி என்பது எந்த லீகில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லீக் ஏற வெற்றி மட்டும் போதாது, கையில் உள்ள கார்டுகளின் மொத்த 'பலம்' வேண்டும். சில்வருக்கு 15,000, கோல்டுக்கு ஒரு லட்சம், சாம்பியனுக்கு ஐந்து லட்சம்.

இந்தக் கடைசி விதிதான் ஒரு வாடகைச் சந்தையையே வளர்த்தது. சுமார் 15 நாளுக்கு ஒரு சீசன். சீசன் முடிகிற நேரத்தில் பலம் அதிகமுள்ள கார்டுகளை ஒன்றிரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, எண்ணைத் தூக்கி, மேல் லீகின் பெட்டிகளை வாங்கிக்கொண்டு கார்டைத் திருப்பிவிடுவார்கள். அந்தக் கார்டை ஆட்டத்தில் இறக்கக்கூடத் தேவையில்லை. அதனால் சீசன் கடைசி நாளில் வாடகை எகிறும், முடிந்த மறுநாள் விழும். கார்டு வைத்திருந்தவருக்கு இது நிரந்தர வருமானம், எடுத்தவருக்குச் சின்ன லாபம்.

2021-இன் பக்கங்களுக்கு வந்தபோது வரிகளின் நெரிசல் கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஜூலையில் எஸ்.பி.எஸ். டோக்கனைக் கார்டும் டெக்கும் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். தினமும், ஓராண்டுக்கு. லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டோக்கன் விலை ஏறியதைப் பார்த்து வந்தவர்கள் பலர். பரிசுத் தொகைக்கு அதே வேகம் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் அடிமட்ட 'பிரான்ஸ்' (வெண்கல) லீகில் ஒரு வெற்றிக்கு ஒரு டெக்கூடக் கிடைக்காத நிலை வந்தது. விலைப் பட்டியலில் பார்த்தால் பொற்காலம், அடிமட்டத்தில் ஆடியவரின் கணக்கில் பார்த்தால் தேய்மானம்.

2022 தொடக்கத்தில் முதல் பெரிய மாற்றம். ஐந்து வெற்றியோடு முடிகிற தினசரி வேலை போய், 24 மணி நேரமும் ஆட ஆடப் பெட்டி சேரும் ஏற்பாடு வந்தது. லீக் ஏற ஏறப் பெட்டியின் தரமும் ஏறும். உழைத்தவருக்கு உழைப்புக்கு ஏற்ற பலன் என்று சொன்னார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பதிவேட்டில் என் கண்ணில் பட்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, எண்ணைத் தூக்குவதற்காக மட்டும் எடுக்கப்பட்ட பழைய கார்டுகளின் வாடகைக்கு ஆள் குறைந்தது. அந்த வாடகையை நம்பிக் கார்டு வாங்கிப் போட்டவருக்கு ஒரே அறிவிப்பில் வருமானம் சரிந்தது. இரண்டாவது, இரவு பகல் பாராமல் ஆடுகிற கணக்குகள் பெருகின.

அப்படிப்பட்ட ஒரு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். ஆள் தேடும் வரி, அணி அனுப்பும் வரி, சில நிமிட இடைவெளி, மறுபடி ஆள் தேடும் வரி. விடியற்காலை இரண்டு மணிக்கும் அதே தாளம், மதியம் இரண்டு மணிக்கும் அதே தாளம். சாப்பாட்டு வேளை இல்லை, தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. சேர்ந்த டோக்கன் ஒழுங்காக ஒரு பெரிய கணக்குக்குப் போகிறது. அந்தப் பெரிய கணக்கைத் திறந்தால் அதற்குள் இதே மாதிரி எத்தனையோ சின்னக் கணக்குகளிலிருந்து வந்து விழுகிற வரிகள். மனிதர் ஆடினால் இப்படி இருக்காது. இவை 'பாட்டுகள்', அதாவது மனிதருக்குப் பதிலாகத் தானே ஆடும் மென்பொருள்கள். ஆட ஆடப் பரிசு என்ற விதி, களைப்பே இல்லாதவருக்கு மிகவும் பிடித்துப்போன விதி.

அந்த அனுப்பும் வரிகளில் 2022-இன் நடுவில் இன்னொரு மாற்றம் தெரிகிறது. டோக்கன் பெயர் டெக்கிலிருந்து எஸ்.பி.எஸ். ஆகிறது. ஆட்டப் பரிசாக டெக் கொடுப்பதை நிறுத்தி எஸ்.பி.எஸ். கொடுக்க ஆரம்பித்த காலம் அது. அதன் பிறகு டெக் புதிதாக வேண்டுமென்றால் எஸ்.பி.எஸ்.ஸை எரித்துத்தான் உண்டாக்க வேண்டும். டெக்கின் மதிப்பைக் காக்க இது உதவும் என்பது கணக்கு. வாடகைக்கு ஆடுகிறவர் பக்கமிருந்து பாருங்கள். அவருக்கு வரவு எஸ்.பி.எஸ்.ஸில், வாடகைச் செலவு டெக்கில். டெக் டாலரோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. எஸ்.பி.எஸ். 2021 ஜூலையில் ஒரு டாலரைத் தொட்டது, பிறகு இறங்கி சென்ட் கணக்குக்கு வந்துவிட்டது. பரிசு எண்ணிக்கை அப்படியே இருந்தாலும், ஏன், கூடியிருந்தாலும்கூட, இரண்டு விலைகளுக்கும் நடுவே நின்றவருக்குக் கைக்காசு கரைந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இன்றைய வாடகைச் சந்தைக்குள் போனேன். வரிசையாகக் கார்டுகள், பக்கத்தில் நாள் வாடகை டெக்கில். ஒரு டெக்குக்கும் கீழே கிடைப்பவை ஏராளம், நூற்றுக்கணக்கில் கேட்கும் உச்ச நிலைக் கார்டுகளும் உண்டு. முழு சீசனுக்கும் சேர்த்து எடுக்கும் வசதியும் இருக்கிறது. மலிவாக ஒரு அணி கட்டி வாடகைக்கு எடுத்து ஆடினேன். வெற்றி கூடியது, வரவும் கூடியது. வாடகையைக் கழித்தால் கையில் நின்றது மிகச் சொற்பம். அந்த லாபத்தை வைத்து 10 டாலர் புத்தகக் காசை மீட்கவே நெடுங்காலம் ஆகும்.

வரவு ஏன் இன்னும் ஏறவில்லை என்று தேடியபோது இன்னொரு விதி தட்டுப்பட்டது. எஸ்.பி.எஸ்.ஸை வாங்கிப் பூட்டி வைத்தால்தான் பரிசில் முழுப் பங்கு. பூட்டாதவர் ஜெயித்தாலும் பங்கு சுருங்கும். பூட்டியதைத் திரும்ப எடுக்க நான்கு வாரம் ஆகும், வாரம் கால்வாசியாகத்தான் வரும். அந்த நான்கு வாரத்தில் விலை எங்கே போகும் என்பது எடுப்பவர் பாடு. ஆட்டத் திறமைக்கான பரிசு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி முதலீட்டுக்கான வட்டியாகிவிட்டது.

2023-இல் வந்த மாற்றங்கள் நேரே பாட்டுகளைக் குறிவைத்தன. புதிய தொகுப்புகளை வைத்து ஆடும் 'மாடர்ன்' பிரிவில் பாட்டுக்குத் தடை. பரிசாகக் கிடைக்கும் கார்டுகள் 'சோல்பவுண்ட்' ஆயின. அதாவது ஜெயித்தவரின் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், நினைத்தவுடன் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. அதற்கு முன்பு பாட்டுகள் பெட்டி பெட்டியாகத் திறந்து கார்டுகளைச் சந்தையில் கொட்டின, விலை நொறுங்கியது. கொட்டுவதை நிறுத்த இது சரியான வழி என்றே எனக்குப் படுகிறது. அதே விதி, கிடைத்த கார்டை அன்றன்றைக்கு விற்று நாலு காசு பார்த்த சின்ன ஆட்டக்காரரின் கையையும் கட்டியது. பதிவேட்டில் அந்த மாதிரிக் கணக்குகளின் விற்பனை வரிகள் மெலிந்து நின்றுபோவதைப் பார்க்க முடிகிறது. தொடர்ந்து ஆடி அணி சேர்க்க நினைத்தவருக்கு லாபம், அன்றாடக் காசுக்கு ஆடியவருக்கு நஷ்டம். அறிவிப்பு ஒன்றுதான்.

2024-இல் பெட்டிக்குப் பதிலாக 'கிளின்ட்' வந்தது. ஆடினால் கிளின்ட் சேரும். அதைக் கொண்டுபோய்ப் பரிசுக் கடையில் கொடுத்து வேண்டியதை வாங்கலாம். கடைக்குள் போய்ப் பார்த்தேன். சின்னப் பெட்டி, பெரிய பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பெட்டி, கார்டுகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். கிளின்டை யாருக்கும் அனுப்ப முடியாது, வெளிச் சந்தையில் விற்க முடியாது. என் கணக்கில் கிளின்ட் வேகமாக ஏறியது, பார்க்கவும் சந்தோஷமாக இருந்தது. "இந்த வாரம் இவ்வளவு சம்பாதிச்சேன்" என்று யாராவது சொன்னால், அதில் கிளின்ட் எவ்வளவு, ஒட்டிக்கொண்ட கார்டு எவ்வளவு, வெளியே எடுக்கக்கூடிய டோக்கன் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றும் ஒரே திரையில் பளபளக்கின்றன. கடைசி ஒன்றுதான் வீட்டுச் செலவுக்கு ஆகும்.

இந்தியாவில் இருந்து ஆடுகிறவருக்கு இன்னொரு கழிவும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்து விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஜூலை முதல் கைமாறும் தொகையில் ஒரு சதவீதம் பிடித்தம். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கார்டு வாடகைக்குக் கொடுத்த காசு செலவாக நிற்குமா என்று நம்பி இறங்க வேண்டாம்.

கடைசியாக, இந்த விதிகளை இப்போது யார் மாற்றுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். முன்மொழிவுகள் வைக்கப்படுகின்றன, வாக்கெடுப்பு நடக்கிறது. வாக்கின் எடை, பூட்டி வைத்திருக்கும் எஸ்.பி.எஸ்.ஸின் அளவு. ஆளுக்கு ஒரு வாக்கு என்பது இங்கே இல்லை. வாக்குப் பட்டியலைத் திறந்தால் மேலே இருக்கும் சில கணக்குகளின் எடை கீழே நீளும் பெரிய வரிசையை எளிதாக மிஞ்சிவிடுகிறது. பூட்டியவருக்கே முழுப் பங்கு என்ற விதி ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

உள்ளே நான் கண்ட எந்தப் பரிசு மாற்றமும் எல்லாருக்கும் சேர்த்து வருமானத்தை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்திடமிருந்து எடுத்து இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தது: வாடகைக்கு விடுபவரிடமிருந்து ஓயாமல் ஆடுபவருக்கு, பாட்டுகளிடமிருந்து கார்டு சேர்ப்பவருக்கு, கையில் காசில்லாதவரிடமிருந்து பூட்டி வைக்க வசதியுள்ளவருக்கு. சில மாற்றங்கள் விளையாட்டைக் காப்பாற்றத் தேவைப்பட்டவை என்றே நம்புகிறேன். அதற்காக அவற்றை வருமான உயர்வு என்று சொல்லி ஆள் சேர்ப்பது தவறு.

அடுத்த அறிவிப்பு வரும்போது சேர நினைப்பவர் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். ஒதுக்கிய தொகை கூடியதா, பங்கு போடும் முறை மட்டும் மாறியதா? கொடுப்பதை இன்றைக்கே விற்க முடியுமா? வாடகை, பூட்டிய பணம், வரி எல்லாம் கழித்தபின் என்ன நிற்கும்? மூன்றுக்கும் பதில் சந்தையிலும் பதிவேட்டிலும் இருக்கிறது. ஒரு மாலைப் பொழுதை அங்கே செலவழித்துவிட்டு, பிறகு அந்த 10 டாலரை எடுக்கலாமா என்று முடிவு செய்யலாம். கார்டு ஆட்டம் பிடித்து ஆடுகிறவருக்கு அந்தக் காசு வீண்போகாது. மாதச் சம்பளத்துக்கு மாற்றாக இதை நினைப்பவர், என் கண்ணில் பட்ட கணக்குப்படி, வெளியிலேயே நின்றுகொள்வது நல்லது.